எலுமிச்சை நிறம் வந்ததும்

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கணவர் ஒருநாள் என் பழைய கதை ஒன்றைப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்.

"உன் கதையில யாருமே வேலைக்குப் போறதில்லையா?"

"ஏன், போறாங்களே. அந்த ஆள் பேங்க்ல இருக்கானே."

"பேங்க்ல இருக்கான்னு ஒரு வரி இருக்கு. அப்புறம் கடைசி வரைக்கும் ஜன்னல் பக்கத்துல நின்னு யோசிக்கிறான். அவனுக்கு யாரு சம்பளம் கொடுக்கறா?"

எனக்குச் சுருக்கென்றது. "சரி, நீங்க வேலை செய்யறதை எழுதறேன், பாத்துக்கிட்டே இருங்க" என்று வீம்புக்குச் சொன்னேன். அந்த வீம்புதான் இந்தக் கதை. வேறு எந்த உந்துதலும் இல்லை.

அவர் கத்தி செய்கிறவர். வீட்டின் பின்புறம், தண்ணீர்த் தொட்டிக்கும் பக்கத்து வீட்டுச் சுவருக்கும் நடுவில் தகரம் போட்ட கொட்டகைதான் பட்டறை. அதற்குமுன் பல வருடங்கள் பல் செட் செய்து கொடுக்கும் கடையில் இருந்தார். ஒருவருடைய வாயில் இருக்கும் பற்களின் வெள்ளையைப் பார்த்து, அதே வெள்ளையில் பொய்ப் பல் செய்ய வேண்டும். வெள்ளையில் இத்தனை வெள்ளை இருக்கிறது என்பதே அவரைக் கட்டிக்கொண்ட பிறகுதான் எனக்குத் தெரியும்.

வேடிக்கையாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது இந்த முதல் பகுதியைத் திருத்தும்போது அந்த வேடிக்கை போய்விட்டது. ஏன் என்பது ஐந்தாம் பகுதியில் தெரியும். (ஐந்தா, ஆறா என்பது எழுதி முடித்தால்தான் எனக்கே தெரியும்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: "இரும்புக்கும் நெருப்புக்கும் இடையில் நடக்கும் அந்தரங்கமான உரையாடலுக்கு அவர் ஒருவரே சாட்சியாக, காலங்காலமாய்…"

இதை அவரிடம் வாசித்துக் காட்டினேன். சிரித்த சிரிப்பில் கையிலிருந்த அரம் கீழே விழுந்தது. "காலங்காலமா எங்க? மத்தியானம் சாப்பிட்டுட்டுத்தானே ஆரம்பிச்சேன்" என்றார். அந்த வாக்கியத்தை அங்கேயே விட்டேன். அது எங்கே போய் முடிந்திருக்கும் என்று எனக்கும் தெரியாது.

தொடக்கம், இரண்டாம் முயற்சி: "அவர் தகடுகளை அடுக்கினார்."

"இது சரி" என்றார்.

ஆகவே, அவர் தகடுகளை அடுக்கினார். அவர் செய்வது டமாஸ்கஸ் எஃகுக் கத்தி. அதன் உடம்பு முழுக்க மரத்தை அறுத்த இடத்தில் தெரிவது போல வரிகள் ஓடும். அவற்றை யாரும் மேலே வரைவதில்லை. இரண்டு வகை எஃகு எடுத்துக்கொள்வார். ஆசிட் பட்டால் ஒன்று கறுக்கும், மற்றது பளபளப்பாகவே இருக்கும். இரண்டையும் மெல்லிய தகடுகளாக மாற்றி மாற்றி அடுக்கி, பிடித்துக்கொள்ள ஒரு கம்பியைப் பற்றவைத்து, உலைக்குள் தள்ளுவார். மேலே வெண்காரத்தைத் தூவுவார். இல்லாவிட்டால் தகடுகளுக்கு நடுவே கசடு படிந்து ஒட்டாமல் போகும். சரியான சூட்டில் எடுத்துப் பட்டடைமேல் வைத்து அடித்தால் அத்தனை தகடும் ஒரே கட்டியாகிவிடும். அதை நீட்டி, வெட்டி, மறுபடி அடுக்கி, மறுபடி உலையில் வைத்து, மறுபடி அடிப்பார். இடையில் ஒருமுறை துணி பிழிவது போல முறுக்குவார். கடைசியில் கத்தியாகத் தட்டி, எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கி, தேய்த்து, ஆசிட்டில் முக்கி எடுக்கும்வரை உள்ளே என்ன வரி இருக்கிறது என்று செய்தவருக்கே தெரியாது.

இந்தப் பத்தியையும் வாசித்துக் காட்டினேன். "தப்பு ஒண்ணும் இல்லை" என்றார். என் எழுத்துக்கு இதுவரை கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

3

கட்டியைக் கடைசியாக ஒட்டவைத்த அன்றைக்கு நான் கொட்டகை வாசலில் ஒரு பெயின்ட் டின்னைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தேன். கண்ணில் படுவதை அப்படியே போனில் தட்டிக்கொண்டேன். தட்டியது இது:

[உலைக்குள் அந்தக் கட்டி எலுமிச்சம்பழ நிறத்துக்கு வந்தது. அவர் எடுக்கவில்லை. எலுமிச்சையும் வெளிறி ஏறக்குறைய வெள்ளையானது. அதற்குப் பிறகுதான் எடுத்தார். சுத்தியல் படுவதற்கு முன்பே அதிலிருந்து சின்னச் சின்னப் பொறிகள் தாமாகப் பறந்தன.]

வேலை முடிந்து அவர் கை கழுவி வந்ததும் வாசித்தேன். பாதியிலேயே கையைத் தூக்கி நிறுத்தினார்.

"எலுமிச்சைக்கு அப்புறம் வெள்ளையா? யாரு சொன்னா?"

"நான் பாத்தேனே."

"நீ பாத்தது பப்பாளி. நல்லாப் பழுத்த பப்பாளி நிறம். அதுக்கப்புறம் எலுமிச்சை வந்துச்சு, எடுத்துட்டேன். வெள்ளை எங்க வந்துச்சு?"

"அப்ப அந்தப் பொறி?"

"அது வெண்காரம். அடிக்கறப்ப தெறிக்கும்."

"அடிக்கறதுக்கு முன்னாடியே பறந்ததே."

"நீ வெயில்ல உக்காந்து பாத்த. நான் உலை வாயில நின்னு பாத்தேன். எழுதறதுக்கு வந்தியா, வாதாடறதுக்கு வந்தியா?"

நான் விடவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது எங்கள் பரம்பரையிலேயே கிடையாது. "சரி, ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். எலுமிச்சையைத் தாண்டி விட்டுட்டா என்ன ஆகும்?"

அவர் துண்டால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். "எஃகு கருகிடும். உள்ள நைசா இருக்கற மணியெல்லாம் பெருத்துப் பருபருன்னு ஆயிடும். வெளிய ஒண்ணும் தெரியாது. கூர் நிக்கும், வரி அழகா வரும், காகிதம் வெட்டினா வெட்டும். பலமா ஒரு அழுத்து அழுத்தினா படார்னு ஒடியும். அப்படி விடறவன் கத்தி செய்யவே கூடாது."

என்ன இருந்தாலும் அவர் நிறம் பார்த்தே பிழைத்தவர். நான் திருத்தினேன்:

[உலைக்குள் அந்தக் கட்டி பழுத்த பப்பாளியின் நிறத்திலிருந்து மெல்ல எலுமிச்சை நிறத்துக்கு வந்தது. வந்த கணமே அவர் எடுத்துவிட்டார்.]

பொறிகளையும் நீக்கினேன். படித்துப் பார்த்தால் இரண்டாவதுதான் நல்ல வாக்கியம், ஓட்டம் இருக்கிறது. ஆனாலும் இரண்டையும் இங்கே அப்படியே விட்டுவைக்கிறேன். பின்னால் வேண்டியிருக்கும்.

(உலைக்குள் எவ்வளவு சூடு என்று காட்டும் கருவி கடையில் கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "அப்புறம் எனக்குக் கண்ணு எதுக்கு?" என்றார். பல் செட் கடையில் நிறம் பார்க்க ஒரு மெஷின் வந்தபோது அவரை யாரும் போகச் சொல்லவில்லை. அவராகவே எழுந்து வந்துவிட்டார். மாதிரிப் பற்களைக் கோத்த பட்டியை மட்டும் கையோடு எடுத்து வந்தார். அது இன்னும் கொட்டகைச் சுவரில் தொங்குகிறது.)

4

கத்தி யாருக்கு என்று இன்னும் சொல்லவில்லை. என் நாத்தனாருக்கு. அவருடைய தங்கை. பெரிய ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் இருக்கிறாள். அடுத்த மாதத்திலிருந்து அந்தச் சமையலறை முழுவதும் அவள் பொறுப்பு. அதற்கு அண்ணனின் பரிசு இந்தக் கத்தி. அவள் கை அளவுக்குப் பிடி, அவள் நிற்கும் உயரத்துக்கு ஏற்ற எடை என்று பார்த்துப் பார்த்துச் செய்தது.

கதையில் அவள் வருகிறாள் என்று எப்படியோ தெரிந்துகொண்டு போன் செய்தாள்.

"அண்ணி, என்னைக் கொஞ்சம் ஒல்லியா எழுதுங்க."

"நடந்ததை நடந்தபடி எழுதறேன்மா."

"அப்ப நடந்தபடியே நான் ஒல்லியாயிட்டேன்னு எழுதுங்க. யாரு வந்து அளக்கப் போறா?"

இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. நன்றாகப் பேசுகிறாள், எல்லோருக்கும் பிடித்துப்போகிறாள். இப்படி ஒருத்தி கதையில் வந்தாலே எழுதுகிறவர்கள் அவளுக்கு ஏதாவது செய்துவிடுவார்கள். நானே இரண்டு கதைகளில் செய்திருக்கிறேன். அதனால் அவளை எடுத்துவிட்டு, வாங்குகிறவர் முகம் தெரியாத ஒருவர் என்று மாற்றலாமா என்று பார்த்தேன். மாற்றினால் எனக்கு நிம்மதிதான். ஆனால் கத்தி அவளுக்குத்தான் போகப் போகிறது, நான் எப்படி எழுதினாலும்.

அவள் பூசணிக்காய் வெட்டுவதை நான் பார்த்திருக்கிறேன். கத்தியின் நுனியைக் குத்தி இறக்குவாள். பிறகு இடது உள்ளங்கையைக் கத்தியின் முதுகில் வைத்து, குதிகாலைத் தூக்கி, உடம்பின் மொத்த கனத்தையும் அந்தக் கையில் போட்டு அழுத்துவாள். அப்போது முகம் கத்திக்கு நேர் மேலே இருக்கும்.

மேலே உள்ள வரியை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

5

சட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கொஞ்ச காலமாகவே அவர் வெள்ளைச் சட்டைகளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். "மஞ்சளா இருக்கு. ஒழுங்கா அலசறியா இல்லையா?" நான் சோப்பை மாற்றினேன். நீலம் போட்டேன். வெயிலில் போட்டேன், நிழலில் போட்டேன். மறுபடியும், "காலர் பாரு, மஞ்சள்." ஒருநாள் கோபத்தில் ஒரு புதுச் சட்டையை உறையிலிருந்து பிரித்து நீட்டினேன். "கடைக்காரன் பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிட்டுட்டான்" என்றார். அன்றைக்குக் கடைக்காரரைத் திட்டினோம். இருவரும் சேர்ந்தே திட்டினோம்.

இந்தச் சட்டை விவகாரத்தை இந்தக் கதையில் எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. கத்திக்கும் துணி துவைப்பதற்கும் என்ன சம்பந்தம்? ஆனால் நான்காம் பகுதிவரை எழுதியதை அவர் நிதானமாகப் படிக்கட்டும் என்று தாளில் அச்செடுத்துக் கொடுத்தேன். புதிய தாள் கட்டு, அப்போதுதான் பிரித்தது. அவர் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தார்.

"எதுக்குப் பழைய பேப்பர்ல பிரிண்ட் போட்ட?"

"என்னது?"

"பழுப்பேறிப் போயிருக்கே. நல்ல பேப்பர் தீந்துடுச்சா?"

தாளை வாங்கிப் பார்த்தேன். பால் போல வெள்ளையாக இருந்தது. சட்டைகளும் வெள்ளையாகத்தான் இருந்தன, முதலிலிருந்தே. வெள்ளை அவருக்கு மஞ்சளாகத் தெரிகிறது. அப்படியானால் எலுமிச்சை நிறம் அவருக்கு எப்படித் தெரியும்?

பப்பாளியாக.

இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை என்று அவர் உலை வாயில் காத்து நின்றிருக்கிறார். உள்ளே அது வந்து, தாண்டி, வெள்ளையாகி, கருகிக்கொண்டிருந்தது.

6

இதுவரை என் எழுத்தில் நான் எழுதியது சரியாக இருக்க வேண்டும் என்றுதான் வேண்டியிருக்கிறேன். மூன்றாம் பகுதியில் முதலில் எழுதிய அந்த ஒரு பத்தியில் மட்டும் நான் தப்பாக எழுதியிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். என் வாக்கியம் சரி என்றால் அவருடைய கண் சரியில்லை. அவருடைய கண் சரி என்றால் நான் கண் எதிரே இருப்பதைக்கூடப் பார்த்து எழுதத் தெரியாதவள். இரண்டாவதாகவே இருக்கட்டும் என்றேன். யாரிடம் என்று கேட்காதீர்கள்.

எழுத்தாளர்கள் மிகைப்படுத்துவார்கள். நானும் மிகைப்படுத்துகிறவள்தான். சாதாரண மழையை அடைமழை என்று எழுதியிருக்கிறேன். எலுமிச்சையை வெள்ளை என்று கூட்டி எழுதியிருக்க மாட்டேனா? அந்தப் பொறிகளும் நானாகச் சேர்த்த அலங்காரமாக இருக்கலாம். அன்று கொட்டகையில் பார்த்ததை மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஓட்ட ஓட்ட அது மங்கலாகி, கடைசியில் நான் எழுதிய வார்த்தைகள் மட்டுமே மிஞ்சின. எதைப் பார்த்தேன், எதை எழுதினேன் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

தீர்த்துக்கொள்ள ஒரு வழி இருந்தது. அவர் வெளியே போயிருந்தபோது கொட்டகைக்குள் போய், சுவரிலிருந்து மாதிரிப் பற்களின் பட்டியை எடுத்தேன். ஒவ்வொரு பல்லின் பின்னாலும் அதன் பெயர் இருக்கும். அதை மறைத்துக்கொண்டு, விளையாட்டுப் போல, 'இது எது, சொல்லுங்க பாக்கலாம்' என்று கேட்டால் போதும். ஒரு நிமிட வேலை. பட்டியைத் துடைத்தேன். மறுபடி அதே ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

(முந்தைய கத்திகளைப் பற்றி நீங்கள் கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன்: அதை இங்கே எழுத மாட்டேன். ஒரு கதைக்கு ஒரு பயம் போதும்.)

7

கத்தி ஆசிட்டில் முங்கியது. அவர் குழாயடியில் கழுவி வெளிச்சத்தில் திருப்பினார்.

இந்த இடத்தில் ஏதாவது ஒரு குறை தெரிந்தது என்று எழுத எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? ஒரு விரிசல், ஒரு புள்ளி, ஏதாவது. ஒன்றுமே இல்லை. முறுக்கிய இடமெல்லாம் சுழிசுழியாக, கறுப்பும் வெள்ளியுமாக, நான் இதுவரை பார்த்த அவர் கத்திகளிலேயே இதுதான் அழகு. தடிமனான கயிற்றை ஒரே வெட்டில் வெட்டிக் காட்டினார். தொங்கவிட்ட காகிதத்தைச் சத்தமில்லாமல் கீறிக் காட்டினார்.

"எப்படி?"

"நல்லா இருக்குங்க" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் அதைக் கத்தியின் அழகுக்கு வந்த கண்ணீர் என்று எடுத்துக்கொண்டார். சட்டைக் கையால் தன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, வேறு எங்கோ பார்த்தபடி, "இதையும் எழுது" என்றார். எழுதிவிட்டேன்.

8

முடிவுகளை முன்கூட்டியே எழுதிப் பார்ப்பது என் வழக்கம். பயத்துக்கு அது கொஞ்சம் மருந்து.

முடிவு அ: நாத்தனார் கத்தியை எடுத்துப் போகிறாள். முதல் நாள், சமையலறையில் எல்லோரும் சுற்றி நின்று பார்க்க, பூசணிக்காயில் நுனியைக் குத்தி இறக்கி, இடது உள்ளங்கையை மேலே வைத்து

(இதை முடிக்க முடியவில்லை. மூன்று முறை உட்கார்ந்தேன்.)

முடிவு ஆ: ஒன்றும் ஆகவில்லை. பல வருடங்கள் அவள் அதை வைத்து வெட்டுகிறாள். அவள் எண்ணிலிருந்து போன் வரும்போதெல்லாம் நான் மட்டும் இரண்டு மணி அடிக்கவிட்டு எடுக்கிறேன். "என்ன அண்ணி, எப்பவும் மூச்சு வாங்குது?" என்கிறாள். வாசகர்களுக்கு இது பிடிக்கும். எனக்கு இதுதான் அதிகப் பயம்.

முடிவு இ: நான் கத்தியைத் தொலைத்துவிடுகிறேன். குப்பை வண்டியில், பழைய செய்தித்தாள்களோடு. அவர் வீடு முழுக்கத் தேடுகிறார். நானும் சேர்ந்து தேடுகிறேன். பிறகு அவர் தங்கைக்காக இன்னொன்று செய்கிறார், அதே உலையில், அதே கண்ணோடு.

முடிவு ஈ: நான் அவரிடம் சொல்கிறேன்.

ஈ-யில் அந்த ஒரு வரிக்குமேல் எழுதவில்லை.

9

நடந்தது இவற்றில் எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாத்தனார் கத்தியை வாங்கிப் போக வந்தாள். வெறுங்கையோடு வரவில்லை. இடுப்பில் ஒரு பூசணிக்காய்.

"திறப்பு விழா இங்கயே நடக்கட்டும்" என்று அதைக் கொட்டகை மேசையில் டொப்பென்று வைத்தாள். அவர் கத்தியைத் துணியிலிருந்து பிரித்துக் கொடுத்தார். அவள் பிடியைக் கையில் வைத்துப் பார்த்து, "அண்ணா… என் கைக்குன்னே இருக்கு" என்றாள்.

"உன் கைக்குன்னே செஞ்சது, குண்டு."

அவள் கத்தியை ஓங்கினாள்.

"நில்லு!" என்றேன். கொட்டகையே அதிர்ந்தது. இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கையில் தாள்கள்தான் இருந்தன. "முதல்ல கதையைக் கேளு. நீ வர்ற கதை. கேட்டுட்டு வெட்டு."

"இப்பவா அண்ணி?"

"இப்பவேதான்."

பெயின்ட் டின்மேல் உட்கார்ந்து வாசித்தேன். முதல் பகுதிக்குச் சிரித்தாள். இரண்டாம் பகுதிக்கு அவர் தலையாட்டினார். மூன்றாம் பகுதியில் அடைப்புக்குறிக்குள் இருந்த இரண்டையும் வாசித்தேன், முதலில் எழுதியதையும் பிறகு திருத்தியதையும். நான்காம் பகுதியைத் தாண்டிப் போய்ச் சட்டையை வாசித்தேன். தாளை வாசித்தேன். 'பப்பாளியாக' என்ற வார்த்தையில் நிறுத்திவிட்டேன். அதற்குமேல் வாசிக்கவில்லை.

தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, யாரும் எழுந்து மோட்டாரை நிறுத்தவில்லை. அவர் தன் சட்டைக் காலரை இழுத்துக் குனிந்து பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார்.

நாத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தாள். கெட்டிக்காரி, அண்ணன் முகத்தைப் பார்த்தே பேசினாள். "அதெல்லாம் ஒண்ணும் இருக்காது. அப்படியே இருந்தாலும் என்ன இப்ப? நான் இதை வேலைக்கு எடுத்துட்டுப் போகலை அண்ணா. இவ்வளவு அழகா இருக்கறதை யாராவது பூசணிக்காய் வெட்டுவாங்களா? சுவத்துல மாட்டி வெச்சுக்கறேன்."

நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் அவர் முகம் நான் சொன்னதற்கு மாறவில்லை, அவள் சொன்னதற்குத்தான் மாறியது.

"கத்தியை," என்றார், "சுவத்துலயா?"

கையை நீட்டினார். அவள் கொடுத்தாள். அவர் கத்தியின் அலகை மேசையில் பொருத்திய வைஸ் இடுக்கியில் வைத்து இறுக்கினார். பிடியில் துண்டைச் சுற்றினார். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டார்.

"ரெண்டு பேரும் எனக்குப் பின்னாடி வாங்க. நல்ல எஃகுன்னா வளையும். விட்டா திரும்பி வரும்."

போனோம். நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். வளையட்டும், நான் பொய்க்காரியாகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவர் இழுத்தார்.

அவர் சொன்ன அதே சத்தம். படார்.

வளையவே இல்லை. பாதிக் கத்தி வைஸில் நின்றது, பாதி அவர் கையில் இருந்தது. ஒடிந்த முகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் பார்க்கவில்லை. கட்டைவிரலால் தடவினார்.

"சர்க்கரை மாதிரி இருக்கு" என்றார். "மாவு மாதிரி இருக்கணும்."

பிறகு என்னிடம், "எலுமிச்சைன்னுதானே முதல்ல எழுதின? அப்புறம் வெள்ளைன்னு?"

"ஆமா."

"அதை ஏன் மாத்தின?"

"நீங்க சொன்னீங்க."

"நான் சொன்னா? நீ பாத்ததை நீ எழுத வேண்டியதுதானே!" என்று கத்தினார்.

எனக்கும் கோபம் வந்தது. இது என்ன நியாயம்? ஆனால் அவர் கை அந்த உடைந்த துண்டை விடாமல் பிடித்திருந்த விதத்தைப் பார்த்ததும் வந்த கோபம் அப்படியே நின்றுவிட்டது. நாத்தனார் உள்ளே போய் எங்கள் வீட்டு மொட்டைக் கத்தியைக் கொண்டுவந்து பூசணிக்காயை வெட்ட ஆரம்பித்தாள். யாராவது ஏதாவது வேலை செய்துகொண்டிருக்க வேண்டியிருந்தது. வெட்டி முடிக்க வெகுநேரம் ஆனது.

10

இங்கே முடிக்கலாம். முடித்தால் ஒரு பாடம் போலவும் இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு நடந்தது ஒன்று மிச்சம் இருக்கிறது.

கண் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை என்றார். என்ன வேலை என்று கேட்டார், சொன்னோம். வருடக்கணக்காக நெருப்பைப் பார்ப்பவர்களுக்கு இது சீக்கிரமே வருவதுண்டு என்றார். ஆபரேஷனுக்கு நாள் குறித்துக் கொடுத்தார். அதுவரை உலைக்குள் பார்க்கவே கூடாது.

மறுநாள் காலை கொட்டகையில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் தகடுகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார். விரலால் தடவித் தடவி, ஒன்றின்மேல் ஒன்றாக.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"உலையைப் பாக்கக் கூடாதுன்னார். நான் பாக்கப் போறதில்லையே."

"பின்ன?"

"நீ பாரு."

"எனக்கு என்னங்க தெரியும்? நான் சும்மா வாசல்ல உக்காந்து…"

"வாசல்ல உக்காந்தே பாத்தியே."

உலை மூட்டினார். கட்டியை உள்ளே தள்ளினார். பிறகு அதற்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார். ஒரு கை பின்பக்கம் கம்பியைப் பிடித்திருந்தது, மறு கையில் சுத்தியல். அவர் முகம் கொட்டகைச் சுவரைப் பார்த்து இருந்தது.

"விட்டு விட்டுப் பாரு, முறைச்சுப் பாக்காத" என்றார். "எலுமிச்சை வந்ததும் சொல்லு. கதை எழுதற மாதிரி யோசிச்சுக்கிட்டு நிக்காத. நீ வார்த்தை தேடிக்கிட்டு நிக்கற நேரத்துல அது கருகிடும்."

என் வாக்கியங்களை நான் எத்தனை முறை மாற்றுவேன் என்று இவ்வளவு தூரம் வந்த உங்களுக்குத் தெரியும். ஒரு தொடக்கத்துக்கு இரண்டு, ஒரு முடிவுக்கு நான்கு. அடிக்கலாம், அடித்ததை மீட்கலாம், அடைப்புக்குறிக்குள் போட்டுப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம். இது அப்படி இல்லை. சொன்னால் அந்த மனிதர் அடிப்பார். முந்திச் சொன்னால் ஒட்டாது, பிந்திச் சொன்னால் ஒருநாள் நாத்தனாரின் உள்ளங்கைக்குக் கீழே ஒடியும்.

உலைக்குள் சிவப்பு போய்விட்டது. பப்பாளி வந்தது. நல்லாப் பழுத்த பப்பாளி. ஓரங்களில் கொஞ்சம் வெளிறுகிறது. அது எலுமிச்சையா? அல்லது எலுமிச்சை வரட்டும் என்ற என் அவசரமா? நடுப்பகுதி இன்னும்… இல்லை, நடுவிலும் வருகிறது. அவர் திரும்பவில்லை. 'வந்துடுச்சா' என்றுகூடக் கேட்கவில்லை. அவர் சட்டைக் காலரைப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது.

மூன்றாம் பகுதியில் இரண்டு வாக்கியங்களையும் அடிக்காமல் உங்களுக்காக விட்டிருக்கிறேன். நீங்களும் அன்று வாசலில் இருந்தீர்கள். எது எலுமிச்சை என்று உங்களுக்கும் தெரியும். நான் பிந்துகிறேன் என்று தோன்றினால் காத்திருக்காதீர்கள், நீங்களே சொல்லிவிடுங்கள்.

"எடுங்க!" என்றேன்.

அவர் எடுத்தார். நிறம் சரிதானா என்று பார்க்கவில்லை. அடித்தார்.